அமெரிக்கக் கல்லூரிகளில் யூத மாணவர்களின் வாழ்க்கை: ஹிலெல் என்பது என்ன, வெள்ளி இரவு அங்கே என்ன நடக்கிறது?

அமெரிக்காவில் இளநிலைப் படிப்புக்குச் சேர்ந்திருக்கும் தம் மகனை, அவனுடைய அறைத்தோழன் வெள்ளிக்கிழமை இரவு உணவுக்கு ‘ஹிலெல்’ என்ற இடத்துக்கு அழைத்திருப்பதாக ஒரு தாய் எழுதியிருக்கிறார். அது வழிபாட்டுத் தலமா, மாணவர் சங்கமா, பல்கலைக்கழகத்தின் ஒரு துறையா, யூதர் அல்லாத ஒருவன் அங்கே போவது முறையா, மதமாற்ற நோக்கம் ஏதும் இருக்குமா என்பவை அவருடைய கேள்விகள். கடைசிக் கேள்விக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். யூத சமயம் பிறரைத் தேடிச் சென்று தன்பால் சேர்க்கும் சமயம் அன்று. தாமாக வந்து சேர விரும்புவோரைக்கூட நெடுங்காலம் படிக்கவைத்துச் சோதித்த பிறகே ஏற்பது அதன் மரபு. எனவே அச்சம் வேண்டாம், மகன் தாராளமாகப் போகலாம். சுருக்கமாகச் சொன்னால், ஹிலெல் என்பது கல்லூரி வளாகங்களில் இயங்கும் யூத மாணவர் அமைப்பு. மற்றக் கேள்விகளுக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். வடகிழக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பல ஆண்டுகள் மாணவர் ஆலோசனைப் பணியில் இருந்தவன் நான். அந்த மேசையில் பலமுறை விருந்தினனாக அமர்ந்திருக்கிறேன்.

யூத நெறியைத் தனியொருவராகக் கடைப்பிடிப்பது மிகக் கடினம் என்பதிலிருந்து தொடங்கினால் மற்றவை எளிதில் விளங்கும். நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் விடுதி அறையின் அலமாரியில் ஒரு முருகன் படத்தை வைத்துத் திருநீறு பூசிக்கொண்டால் அவனுடைய அன்றாட வழிபாடு நடந்துவிடும். யூத மாணவனுக்கு அப்படியில்லை. முழுமையான கூட்டுத் தொழுகைக்குக் குறைந்தது பத்துப் பேர் வேண்டும். ஆச்சாரப் பிரிவினர் பத்து ஆண்கள் என்று கணக்கிடுவர், ஏனைய பிரிவினர் பெண்களையும் சேர்த்துக்கொள்வர். அவனுடைய உணவு தனிச் சமையலறையில், தனிப் பாத்திரங்களில், மேற்பார்வையாளர் ஒருவரின் கண்காணிப்பில் தயாராக வேண்டும். வெள்ளி மாலைச் சூரிய மறைவு முதல் சனி இரவு வரையிலான ஓய்வுநாளில் அவன் நெருப்பு மூட்டக்கூடாது, எழுதக்கூடாது, பணம் புழங்கக்கூடாது, விளக்கின் பொத்தானை அழுத்தவும் கூடாது. இத்தனையையும் பதினெட்டு வயதுப் பிள்ளை ஒருவன் தன் அறையில் தனியே கட்டிக்காக்க முடியாது. ஒரு சமூகம் உடனிருக்க வேண்டும். கல்லூரி வளாகங்களில் யூத அமைப்புகள் இவ்வளவு விரிவாக வளர்ந்ததற்கு முதற்காரணம் இதுவே. எல்லா யூத மாணவர்களும் இந்த விதிகளைக் கடைப்பிடிப்பதில்லை, பெரும்பாலோர் கடைப்பிடிப்பதில்லை என்பதும் உண்மை. ஆனால் கடைப்பிடிக்கும் சிலருக்காக ஏற்பட்ட அடுப்பும் மேசையும் மற்றவர்களுக்கும் கூடுமிடமாகிவிட்டன.

இரண்டாவது காரணம் வரலாற்றில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து இலட்சக்கணக்கில் வந்து குடியேறிய யூதர்களின் பிள்ளைகள், ஒரு தலைமுறைக்குள் கல்லூரி வாசலை அடைந்தார்கள். அங்கிருந்த மாணவர் சகோதரச் சங்கங்கள் அவர்களைச் சேர்க்க மறுத்தன. ஆகவே அவர்கள் தமக்கென்று சங்கங்களை அமைத்துக்கொண்டார்கள். நியூயார்க்கில் 1898இல் தோன்றிய ஸீட்டா பீட்டா டௌ, பர்னார்ட் கல்லூரி மாணவியர் 1909இல் தொடங்கிய ஆல்ஃபா எப்சிலான் ஃபை, நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 1913இல் உருவான ஆல்ஃபா எப்சிலான் பை ஆகியவை இன்றும் இயங்குகின்றன. ஹார்வர்டில் 1906இல் தொடங்கிய மெனோரா கழகம் வேறு வகையானது. யூத வரலாற்றையும் இலக்கியத்தையும் கல்வித்துறைக்குரிய பொருளாக மதித்துப் படிப்பதே அதன் நோக்கம்.

கதவு திறந்த வேகத்திலேயே மூடவும் தொடங்கியது. ஹார்வர்டில் யூத மாணவர்களின் பங்கு நூற்றுக்கு இருபதைத் தாண்டியபோது, அதன் தலைவர் லாரன்ஸ் லோவெல் 1922இல் அதற்கு உச்சவரம்பு வேண்டும் என்று முன்மொழிந்தார். வெளிப்படையான ஒதுக்கீட்டு வரம்பை ஆசிரியர்கள் ஏற்கவில்லை. ஆனால் விண்ணப்பப் படிவத்தில் புதிய கேள்விகள் வந்தன: இனம் என்ன, தாயின் பிறந்த வீட்டுப் பெயர் என்ன, பிறந்தபின் உங்கள் பெயரோ தந்தையின் பெயரோ மாற்றப்பட்டதா? நிழற்படமும், ‘குணநலன்’ பற்றிய மதிப்பீடும், நாட்டின் பல பகுதிகளுக்கும் இடம் என்ற கொள்கையும் இதே காலத்தில்தான் வலுப்பெற்றன. யேல், கொலம்பியா போன்ற இடங்களிலும் இத்தகைய மறைமுக வரம்புகள் இருந்தன. யேலில் அவை 1960களின் தொடக்கம் வரை நீடித்தன. பியூ ஆய்வு மையத்தின் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அமெரிக்க யூதர்களில் பத்தில் ஏறத்தாழ ஆறு பேர் பட்டதாரிகள். நாடு முழுவதும் எடுத்தால் இது பத்தில் மூன்று. இந்த உயர்ந்த விகிதத்தைப் பார்த்து வியப்பவர்கள், தாத்தாமார்கள் அந்தப் படிவத்தை நிரப்பிய காலத்தையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இந்தச் சூழலில்தான் ஹிலெல் 1923இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அதற்குத் தூண்டுகோலாக இருந்தவர்களுள் ஒருவர் யூதர் அல்லர். எட்வர்ட் சான்சி பால்டுவின் என்ற கிறிஸ்தவப் பேராசிரியர். விவிலிய இலக்கியம் கற்பித்துவந்த அவர், தம் வகுப்பில் இருந்த யூத மாணவர்கள் தங்கள் சொந்த மரபையே அறியாதிருப்பதைக் கண்டு வருந்தி, யூதப் பெரியவர்களிடம் இதை எடுத்துச் சொன்னார். பெஞ்சமின் ஃபிராங்கெல் என்ற இளம் ரபி (யூத சமய குரு) பொறுப்பேற்றார்; ப்னாய் பிரித் என்ற பழைய யூதச் சேவை அமைப்பு விரைவிலேயே செலவை ஏற்றுக்கொண்டது. ஃபிராங்கெல் 1927இல், முப்பது வயதளவிலேயே காலமானார். அவருக்குப்பின் பணியைத் தொடர்ந்த ஏபிரம் சாக்கர், பிற்காலத்தில், 1948இல் நிறுவப்பட்ட பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரானார். அமைப்புக்கு வைத்த பெயர் ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் எருசலேமில் வாழ்ந்த அறிஞர் ஹிலெலுடையது. சமூகத்திலிருந்து உன்னைப் பிரித்துக்கொள்ளாதே என்பது அவர் பெயரால் வழங்கும் உரைகளுள் ஒன்று. வீட்டைவிட்டு வந்த மாணவர்களுக்கான அமைப்புக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது என்றே நான் நினைக்கிறேன்.

இன்று நூற்றுக்கணக்கான வளாகங்களில் ஹிலெல் உண்டு. அது பல்கலைக்கழகத்தின் துறையன்று; பெரும்பாலும் தனி அறக்கட்டளையாக, முன்னாள் மாணவர்களும் உள்ளூர் யூதச் சமூகங்களும் தரும் நன்கொடையில், வளாகத்தை ஒட்டிய சொந்தக் கட்டடத்தில் இயங்குகிறது. ஹார்வர்டின் ரோசோவ்ஸ்கி மண்டபம், யேலின் ஸ்லிஃப்கா மையம், கொலம்பியாவின் கிராஃப்ட் மையம் போன்றவை 1990களிலும் அதையொட்டியும் எழுந்தவை. ஒரு காலத்தில் தம்மை வரம்பிட்டு நிறுத்திய வளாகங்களின் நடுவே யூதர்கள் தங்கள் பெயர் பொறித்து எழுப்பிய கட்டடங்கள் என்பதால், அவற்றின் வாசலில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த 1922ஆம் ஆண்டுப் படிவம் நினைவுக்கு வரும்.

வெள்ளி மாலை அங்கே நடப்பதைச் சொல்கிறேன். சூரியன் மறைவதற்கு முன்பே மெழுகுவத்திகள் ஏற்றப்படும். பிறகு பெரிய மையங்களில் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தொழுகைகள் வெவ்வேறு அறைகளில் நடக்கும். ஆச்சாரப் பிரிவினரின் அறையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே திரை இருக்கும். இவ்விரு முனைகளுக்கும் இடைப்பட்ட கன்சர்வேட்டிவ் பிரிவினரின் அறையில் எல்லாரும் கலந்தமர்ந்து, பெரும்பகுதியை எபிரேயத்தில் ஓதுவார்கள். சீர்திருத்தப் பிரிவினரின் அறையில் கித்தார் இசையும் ஆங்கிலமும் கேட்கும். இவர்களுக்கிடையே கொள்கை வேறுபாடு சிறிதன்று. ஊர்களில் இவர்கள் ஒருவர் ஆலயத்துக்குள் மற்றவர் நுழைவதே அரிது. ஆனால் ஒரு மணி நேரம் கழித்து மூன்று கதவுகளும் திறக்க, எல்லாரும் ஒரே கூடத்துக்கு வந்து ஒரே மேசைகளில் அமர்கிறார்கள். இளமையில் நான்கு ஆண்டுகள் இப்படிக் கூடி உண்டவர்கள் பிறகு வாழ்நாள் முழுவதும் மற்றப் பிரிவினரைக் கேலி பேசத் தயங்குவார்கள் என்று ஒரு ரபி என்னிடம் சொன்னார். நான் கண்ட அளவில் அது உண்மை.

அந்த மேசைக்குப் பின்னால் இருக்கும் சமையலறையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கோஷர் என்ற யூத உணவு விதிப்படி இறைச்சியும் பாலும் சேரக்கூடாது. உணவில் சேராதிருந்தால் மட்டும் போதாது; பாத்திரம், கரண்டி, கழுவும் தொட்டி, பரிமாறும் மேசை எல்லாம் இரண்டு வரிசையாக இருக்க வேண்டும். காய்கறியில் புழு பூச்சி இல்லை என்று பார்ப்பதிலிருந்து அடுப்பை ஏற்றுவது வரை கண்காணிக்க ‘மஷ்கியாக்’ என்ற மேற்பார்வையாளர் உண்டு. ஓய்வுநாளில் சமைக்கக்கூடாது என்பதால் வெள்ளி இரவு உணவும் சனி நண்பகல் உணவும் வெள்ளி மாலைக்குள் ஆயத்தமாகிவிட வேண்டும். நூற்றுக்கணக்கானோருக்கு இப்படிச் சமைப்பது எளிதன்று, செலவும் மிகுதி. ஆகையால் கார்னெல், பென்சில்வேனியா, பிராண்டைஸ் போன்ற பல்கலைக்கழகங்கள் தங்கள் பொது உணவுத் திட்டத்துக்குள்ளேயே கோஷர் உணவுக்கூடத்தைக் கொண்டுவந்திருக்கின்றன. நம் மாணவர்களுக்கும் இதில் ஒரு பயன் உண்டு. பால் வகை உணவைப் பரிமாறும் கோஷர் கூடத்தில் இறைச்சி நுழையவே முடியாது. பொட்டலங்களில் காணும் ‘பார்வே’ என்ற குறியும் பாலோ இறைச்சியோ இல்லை என்பதற்கான உறுதி. ஆனால் முட்டையும் மீனும் அந்த வகைக்குள் அடங்கும் என்பதைச் சைவ உணவுக்காரர்கள் மறக்கக்கூடாது.

விடுதி வாழ்க்கையில் எழும் சிக்கல்கள் வேறு. இப்போது எல்லாக் கதவுகளும் மின் அட்டையால் திறக்கின்றன. ஓய்வுநாளைக் காக்கும் மாணவன் அந்த அட்டையைத் தொடமாட்டான். சில பல்கலைக்கழகங்கள் கேட்பவர்களுக்குச் சாதாரணச் சாவி தருகின்றன. தராத இடங்களில், யாராவது கதவைத் திறக்கும்வரை பனியில் நிற்கும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆள் நடமாட்டத்தை உணர்ந்து தானே எரியும் விளக்குகள் வந்தபின் தாழ்வாரத்தில் நடப்பதே சிலருக்குச் சங்கடமாகிவிட்டது. ஓய்வுநாளில் பொது வெளியில் பொருளைச் சுமக்கவும் கூடாது. வளாகத்தையும் சுற்றுப்புறத்தையும் கம்பங்களாலும் கம்பியாலும் எல்லையிட்டு, ஒரே வீட்டின் முற்றம்போலக் கருதச் செய்யும் ‘எரூவ்’ என்ற ஏற்பாடு இருந்தால் இந்தத் தடை தளரும். கம்பி அறுந்திருக்கிறதா என்று வாரந்தோறும் பார்க்க வேண்டும். சில சிக்கல்கள் நீதிமன்றம் வரை போயின. முதலிரு ஆண்டுகள் ஆணும் பெண்ணும் வாழும் வளாக விடுதியிலேயே தங்க வேண்டும் என்ற யேலின் விதியை எதிர்த்து, ஆச்சார யூத மாணவர்கள் 1997இல் வழக்குத் தொடுத்தனர். மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2000இல் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. விருப்பமில்லாத மாணவனுக்கு விதிவிலக்களிப்பதால் அந்தப் பல்கலைக்கழகம் பெரிதாக எதையும் இழந்திருக்காது என்பதே என் கருத்து.

ஆண்டுதோறும் தவறாமல் வரும் மற்றொரு சிக்கல் நாட்காட்டி. யூத ஆண்டு சந்திர மாதங்களால் ஆனது. நம் அதிக மாதம் போல, பத்தொன்பது ஆண்டுகளில் ஏழு முறை ஒரு மாதம் கூட்டிப் பருவத்தோடு ஒத்துப்போகச் செய்வார்கள். இதனால் பெருவிழாக்கள் பலவும் செப்டம்பர், அக்டோபரில், அதாவது கல்வியாண்டு சூடுபிடிக்கும் வாரங்களில் வந்து விழுகின்றன. ரோஷ் ஹஷானா என்ற புத்தாண்டு, உண்ணாநோன்பிருக்கும் யோம் கிப்பூர், கூடாரப் பண்டிகை, அதன் முடிவில் தோரா என்ற மறைநூலின் வாசிப்பு நிறைவுறும் ஆனந்த நாள் என்று இருபத்து மூன்று நாள்களுக்குள் ஏழு நாள்கள் வேலை செய்யக்கூடாத நாள்கள். பிராண்டைஸ் அந்நாள்களில் வகுப்பு வைப்பதில்லை. பெரும்பாலான இடங்களில் மாணவனே ஒவ்வொரு ஆசிரியரிடமும் சென்று விடுப்புக் கேட்க வேண்டும். நான் பணியாற்றிய இடத்தில் ஓராண்டு வேதியியல் தேர்வு யோம் கிப்பூர் அன்று வைக்கப்பட்டது. ஆசிரியருக்குத் தீய எண்ணம் இல்லை, நாட்காட்டியைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் முதலாண்டு மாணவி ஒருத்தி, கேட்டால் தவறாக நினைப்பாரோ என்று அஞ்சி, நோன்போடு வந்து தேர்வெழுதிவிட்டு என் அறையில் உட்கார்ந்து அழுதாள். நாட்காட்டியைப் பார்த்துத் தேதி குறிப்பது எந்த நிறுவனத்துக்கும் இயலக்கூடிய, செலவில்லாத மரியாதை.

ஹிலெலுக்கு இணையாகப் பல வளாகங்களில் காணப்படுவது, ஹபாத் என்ற ஆச்சார யூத இயக்கத்தின் இல்லம். நம் நாளிதழ்கள் ‘சபாத்’ என்று எழுதுவதுண்டு. 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலில் ரபி ஒருவரும் அவர் மனைவியும் கொல்லப்பட்ட நரிமன் இல்லம் இதே இயக்கத்தைச் சேர்ந்ததுதான். கல்லூரி மாணவர்களுக்கான முதல் ஹபாத் இல்லம் 1969இல் லாஸ் ஏஞ்சலிஸில், கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் அருகே திறக்கப்பட்டது. இயக்கத்தின் தலைவரான ரபி மெனகெம் மெண்டெல் ஷ்னியர்சன் இளம் தம்பதியரை ஊர் ஊராக அனுப்பினார். அவர்கள் அங்கேயே குடியிருந்து பிள்ளைகளை வளர்த்து, பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் அந்த ஊரிலேயே தங்கிவிடுவார்கள். ஹிலெல் ஒரு நிறுவனம் என்றால் ஹபாத் ஒரு வீடு. கூடத்தில் குழந்தைகள் ஓடுவார்கள். ரபியின் மனைவி கோழி ரசத்தைத் தாமே ஊற்றுவார். நீ எந்தப் பிரிவு, எதைக் கடைப்பிடிக்கிறாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். அவர்கள் கடுமையான ஆச்சாரத்தைப் பின்பற்றினாலும், அங்கே வருவோரில் பெரும்பாலோர் அப்படிப்பட்டவர்கள் அல்லர். காய்ச்சலில் படுத்த மாணவனுக்கு ரசம் கொண்டுபோய்க் கொடுப்பது அவர்களுக்கு அன்றாட வேலை.

யூத மாணவர் வாழ்க்கை உணவோடும் தொழுகையோடும் நின்றுவிடவில்லை. சோவியத் ஒன்றியத்தில் சமய உரிமையும் குடிபெயரும் உரிமையும் மறுக்கப்பட்ட யூதர்களுக்காக 1964இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் போராட்டக் குழு உருவானது. ஜேக்கப் பிர்ன்பாம் தொடங்கிவைத்த அந்த இயக்கம் பெருகி, 1987 டிசம்பரில் வாஷிங்டனில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் திரண்ட பேரணியாக முடிந்தது. இன்றைய சேவைப் பணிகளும் அந்த வரிசையில் வருபவைதான். கத்ரீனா சூறாவளிக்குப்பின் வீடுகளைச் செப்பனிட ஹிலெல் மாணவர்கள் விடுமுறையில் சென்றார்கள். கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கல்லூரியில் 2004இல் சில மாணவியர், ஓய்வுநாளுக்குரிய ஹல்லா என்ற பின்னல் ரொட்டியைச் சுட்டு விற்றுப் பசிப்பிணி தீர்க்கும் பணிக்கு அனுப்பத் தொடங்கினார்கள். அது நாடு முழுவதும் பல வளாகங்களுக்குப் பரவியது.

1990இல் நடத்தப்பட்ட தேசிய யூத மக்கள்தொகை ஆய்வு, அண்மையில் மணந்தோரில் நூற்றுக்கு 52 பேர் யூதர் அல்லாதவரை மணந்திருப்பதாகக் கூறியது. அந்த எண் மிகை என்று பின்னர் வல்லுநர்கள் திருத்தினாலும், இளைய தலைமுறை மரபைவிட்டு விலகிவிடுமோ என்ற சமூகத் தலைவர்களின் அச்சம் குறையவில்லை. கட்டடத்துக்குள் காத்திருந்த ஹிலெல், மாணவர்கள் இருக்கும் இடத்துக்குச் செல்லத் தொடங்கியது. சமயப் பற்றில்லாதோருக்கும் பேச்சு வட்டங்கள், நூல் வாசிப்பு, பயிற்சித் திட்டங்கள் வந்தன. சார்லஸ் பிரான்ஃப்மன், மைக்கேல் ஸ்டைன்ஹார்ட் ஆகிய செல்வர்கள் முன்னின்று 1999இல் தொடங்கிய ‘பர்த்ரைட்’ திட்டம், 18 முதல் 26 வயது வரையிலான யூத இளைஞர்களைப் பத்து நாள் இஸ்ரேலுக்குக் கட்டணமின்றி அழைத்துச் செல்கிறது. இதுவரை எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சென்றுள்ளனர். பாலஸ்தீனரின் நிலையை அது காட்டுவதில்லை என்ற கண்டனமும் உண்டு. 2018இல் பங்கேற்பாளர் சிலர் பயணத்தின் நடுவே வெளியேறினர்.

மகன் அந்த மேசையில் அமரும்போது இந்தப் பிளவையும் அறிந்திருக்க வேண்டும். இஸ்ரேலை யூத, ஜனநாயக நாடாக ஏற்காத அமைப்புகளோடும் அந்நாட்டைப் புறக்கணிக்கக் கோரும் அமைப்புகளோடும் கூட்டுச் சேர்வதில்லை என்று ஹிலெல் 2010இல் நெறிமுறை வகுத்தது. அதை ஏற்க மறுத்து ஸ்வார்த்மோர் கல்லூரி மாணவர்கள் 2013இல் தனி அறிவிப்பு வெளியிட்டு, 2015இல் ஹிலெல் என்ற பெயரையே கைவிட்டார்கள். இஸ்ரேல்மீது ஹமாஸ் நடத்திய 2023 அக்டோபர் 7 தாக்குதலுக்கும் அதைத் தொடர்ந்த காசாப் போருக்கும்பின் வளாகங்கள் கொந்தளித்தன. நாடாளுமன்ற விசாரணையை அடுத்துப் பென்சில்வேனியா, ஹார்வர்டு தலைவர்கள் பதவி விலகினார்கள். 2024 ஏப்ரல் 22 இரவு, யூதர்களின் விடுதலைத் திருநாளான பஸ்கா தொடங்கியபோது, கொலம்பியாவில் அச்சத்தால் வீடு திரும்பிய யூத மாணவர்கள் இருந்தார்கள். அதே வளாகத்தின் போராட்டக் கூடாரங்களுக்கு நடுவே பஸ்கா விருந்து நடத்திய யூத மாணவர்களும் இருந்தார்கள். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் சொல்பவர் பாதியையே சொல்கிறார். 2018இல் பிட்ஸ்பர்க் ஜெப ஆலயத்தில் பதினொருவர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, பல ஹிலெல் வாசல்களில் காவலர் நிற்பதும் அடையாள அட்டை கேட்பதும் வழக்கமாகிவிட்டன. மகனிடம் கேட்டால் அவன் அதை அவமதிப்பாக எண்ண வேண்டாம்.

இனி அவன் செய்ய வேண்டியவை. பல இடங்களில் முன்பதிவு உண்டு, அறைத்தோழனிடம் கேட்டுக்கொள்ளட்டும். மரக்கறி உணவு வேண்டுமானால் அப்போதே சொல்லிவிடலாம். வீட்டில் செய்த பலகாரம் கொண்டுபோக வேண்டாம். அது கோஷர் சமையலறைக்குள் நுழைய முடியாது. கைப்பேசியைப் பையிலேயே வைத்திருக்கட்டும். படம் எடுப்பதும், எண்ணைக் குறித்துக்கொள்ளக் காகிதம் தேடுவதும் அந்த இரவுக்கு ஆகாது. ‘ஷபாத் ஷாலோம்’ (ஓய்வுநாள் அமைதி நிலவட்டும்) என்று சொல்பவருக்கு அதையே திருப்பிச் சொன்னால் போதும். திராட்சை இரசத்தின்மேல் ஆசி ஓதும்போது மற்றவர் எழுந்தால் அவனும் எழலாம். அதன்பின் சிலர் வரிசையாகச் சென்று கை கழுவி வந்து, கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லாமல் அமர்ந்திருப்பார்கள். கை கழுவியதற்கும் ரொட்டியைப் பிட்பதற்கும் இடையே பேசுவதில்லை என்பது மரபு. ரொட்டித் துண்டு கைக்கு வந்ததும் பேச்சு தானே தொடங்கிவிடும்.